ஆயிரத்து முன்னூற்று எண்பத்தேழாவது மாப்பிள்ளை

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்குக் கும்பகோணத்தில் எவனுக்கும் கல்யாணம் கிடையாது. ஆகவே எனக்கும் வண்டிக்கும் ஓய்வு.

காலையில் ஷெட்டைத் திறந்து, தார்ப்பாயை உருவி, ப்ளிமத்தைக் கழுவினேன். 1951 மாடல். டாக்ஸியாக ஓடிக் களைத்திருந்ததை வாங்கி, கூரையை ரம்பத்தால் அறுத்தெடுத்து, மாப்பிள்ளை அழைப்பு வண்டியாக்கியவர் என் அப்பா. அறுத்த அன்று ஊரே கூடி நின்று அவரைப் பைத்தியக்காரன் என்றதாம். அடுத்த தை மாதம் அதே ஊர்தான் வண்டி கேட்டு வாசலில் நின்றது.

ஏறுகிற ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அப்பா ஒரு நோட்டில் எண் போட்டு எழுதிவந்தார். அவருக்குப் பிறகு நான் எழுதுகிறேன். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் வரை 1386 பேர். ஒருவரையும் நடுத்தெருவில் இறக்கிவிட்டதில்லை.

அப்பா வைத்த சட்டம் இன்னொன்றும் உண்டு. பின் சீட்டில் மாப்பிள்ளையைத் தவிரப் பெரியவர் யாரும் உட்காரக் கூடாது. தொற்றிக்கொள்ளும் குழந்தைகள் கணக்கில்லை. முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், நானே அதில் உட்கார்ந்தது கிடையாது.

ஆனியில் இடது பின்பக்கம் ஒரு சின்ன பஞ்சர். ஸ்டெப்னி மாட்டியிருக்கிறேன். டயர் பார்க்க வேண்டும்.

ஜூலை 18

ரிடையரான போஸ்ட்மாஸ்டர் ராமாமிர்தம் வந்திருந்தார். மகளுக்கு ஆவணி 5-ல் மாயவரத்தில் கல்யாணம். முதல் நாள், ஆகஸ்ட் 20 மாலை, மாப்பிள்ளை அழைப்புக்கு ப்ளிமத் வேண்டுமாம்.

"நானே இந்த வண்டியிலதாங்க வந்தேன், எண்பத்தொம்பதுல" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண் 412, டி. ராமாமிர்தம். அப்பாவின் கையெழுத்து. மனிதர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை எத்தனாவதா வருவாரு?"

"1387" என்றேன். சிறு பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

போகும்போது சும்மா இருக்காமல், "உங்க கல்யாணத்துக்கும் இதே வண்டிதானே?" என்றார்.

"அன்னிக்கு வேற புக்கிங் இருந்துச்சுங்க" என்றேன். நான் பாதிதான் குடித்திருந்தேன், என் மனைவி தையல்நாயகி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 20

இன்று ஆறு கடை. "ப்ளிமத்துக்கு டயர், ஆறு புள்ளி எழுபது, பதினஞ்சு இஞ்சு" என்று கேட்டேன். ஒருவர், "இது என்ன டிராக்டருங்க?" என்றார். இன்னொருவர் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் கிடைக்கும் என்றார். அமெரிக்காவுக்கு எந்த பஸ் போகிறதோ தெரியவில்லை.

கடைசியில் மெக்கானிக் அந்தோணிசாமியின் பட்டறைக்குப் போனேன். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன். ஒரு ஜீப் டயரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தான். முன்பக்கம் மணப்பெண் காலில் போலீஸ் பூட்ஸ் போட்டது போல இருந்தது. பின்பக்கம் மட்கார்டுக்குள் நுழையவே இல்லை.

"ரொம்பப் பருமன் அண்ணே" என்றான் அந்தோணி.

ஜூலை 21

மழை. டயர் இல்லை.

ஜூலை 24

கடற்கரை ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் வந்தார். வண்டியை விலைக்குக் கேட்கிறார்கள். வாசலில் நிறுத்தி வைப்பார்களாம், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். டயர் பிரச்சினையை மறைக்காமல் சொன்னேன்.

"டயர் இல்லாட்டியும் பரவால்ல சார். செங்கல் மேல நிக்க வச்சுக்கறோம்" என்றார்.

அந்தச் செங்கல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகஸ்ட் 16-க்குள் பதில் சொல்ல வேண்டும். டயர் கிடைக்காவிட்டால் எனக்கும் வேறு வழி கிடையாது, ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தையுவிடம் சொன்னேன். "ஓஹோ" என்றாள்.

ஜூலை 26

இன்று நடந்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

தையு அரசு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர், இருபத்தேழு வருஷ சர்வீஸ். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். சாயங்காலம் வந்தவள் நேராக ஷெட்டுக்குப் போய், டயர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நம் டயர்களின் பக்கவாட்டில் வெள்ளை வளையம் இருக்கும், அதுதான் வண்டிக்கே அழகு. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் வெள்ளை எனாமல் பெயிண்டில் தின்னர் கலந்து நானே பூசுவேன். எல்லோரும் மெச்சுவார்கள்.

கொண்டை ஊசியால் அந்த வெள்ளையைச் சுரண்டினாள். பெயிண்ட் பட்டையாக உரிந்து வந்தது. அடியில் ரப்பர் முழுக்க வெடிப்பு, விரல் நகம் இறங்குகிற ஆழத்துக்கு. நாலு டயரிலும் அப்படியே.

"ரப்பர்ல தின்னர் படக் கூடாதுங்க. நைஞ்சு போயிடும். பிராக்டிகல் வர்ற பிள்ளைங்களுக்கே தெரியும்" என்றாள்.

"பதினோரு வருஷமா பூசுறேன்."

"அதான். நீங்களே கெடுத்து, நீங்களே மறைச்சிருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஷெட் கதவைப் படாரென்று சாத்தினேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஜூலை 27

ஆனியில் நடந்தது பஞ்சர் அல்ல.

திருவிடைமருதூர் மேலவீதியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது பின் டயர் வெடித்தது. பட்டாசு போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆகவே அதையும் பட்டாசு என்றே எல்லோரும் நினைத்தார்கள். பேண்டுக்காரர் உற்சாகமாகி இன்னும் சத்தமாக வாசித்தார். நானும் பட்டாசுதான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, மீதி நூறடியை வெறும் ரிம்மில் ஓட்டினேன். "வண்டி ஒரு பக்கமா சாயுதே அண்ணே" என்றார் மாப்பிள்ளை. "பிள்ளைங்க நிறைய ஏறிட்டாங்க தம்பி" என்று சமாளித்தேன்.

இதைத் தையுவிடம் இன்று சொல்லிவிட்டேன். நடை வேகத்தில்தானே போகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன்.

"மண்டபம் வரைக்கும் நடை வேகத்துலயா போறீங்க? மாயவரம் ரோட்டுல அறுபதுல போறப்ப வெடிச்சிருந்தா?"

"அப்ப மாப்பிள்ளை இருக்க மாட்டாரே. வண்டியில ஆளே கிடையாது, நான் மட்டுந்தான்."

"ஓட்டுறவரு ஆளு இல்லையா?" என்றாள்.

பிறகு, ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு லீவு, அன்று திருச்சிக்குப் போகலாம், அவளும் வருகிறாள் என்று அறிவித்தாள்.

ஆகஸ்ட் 3

திருச்சி பாலக்கரையில் ஹாஜா நஜிமுதீன் என்பவரின் டயர் குடோன். பழைய சரக்கு எதுவானாலும் அவரிடம் இருக்கும் என்று அந்தோணி சொல்லியிருந்தான்.

இருந்தது! காகிதம் சுற்றிய நாலு டயர். ஆறு புள்ளி எழுபது, பதினைந்து. பெயிண்ட் இல்லை, ரப்பரிலேயே வார்த்த வெள்ளை வளையம். ஒரு தடவைகூட மண்ணைத் தொடாதவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். அப்போதே கயிற்றை எடுத்துக் கட்டச் சொன்னேன்.

"இதுல தேதி எங்க இருக்கும் பாய்?" என்று தையு கேட்டாள்.

நான் அவளை முறைத்தேன். டயர் என்ன பால் பாக்கெட்டா? ஆனால் பாய் மரியாதையாக ஒரு முட்டை வடிவக் கட்டத்தைக் காட்டினார். உள்ளே 0904 என்று நாலு எண். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ஒம்பதாவது வாரம், ரெண்டாயிரத்து நாலா?"

"சரியாப் படிச்சுட்டீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஆசையப் பாத்து நானே எப்படிச் சொல்றதுன்னு தயங்கிட்டு இருந்தேன். இருபது வருஷச் சரக்கு. பாக்கத்தான் புதுசு, ரப்பர் செத்துப் போயிருக்கும். நிக்கிற வண்டிக்குன்னா தர்றேன். ஆள் ஏத்தி ஓட்டுறதுக்குன்னா என் மனசு ஒப்பாதும்மா."

முப்பது வருஷம் டயர் மாற்றியிருக்கிறேன், அந்தக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை. எப்படித் தெரிந்தது என்று வெளியே வந்ததும் கேட்டேன். "லேப்ல தேதி பாக்காம எந்தப் பாட்டிலயும் தொட மாட்டேன். பழக்கம்" என்றாள். நல்ல மனிதர் பாய், நல்ல மூளை இவளுக்கு. எனக்குத்தான் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டியிருந்தது.

பஸ்ஸில் காவேரிக்குப் போய்த் திரும்பும் கூட்டம். பக்கத்து சீட்டு அம்மாள் பிரசாதமாக ஒரு மஞ்சள் கயிறு கொடுத்தாள். தையு அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கும் இவ்வளவு கூட்டம், எங்க வீட்டு வாசல்ல. நான் மாடி ஜன்னல்ல நின்னு தெருமுனையையே பாத்துட்டிருந்தேன். அத்தை மூணு தடவை ஆரத்தி கரைச்சாங்க. கரைச்சுக் கரைச்சுக் கொட்டினாங்க."

"வேற புக்கிங்..."

"வண்டி வரலைன்னு எனக்கு வருத்தமே இல்லைங்க. வாடகை வண்டி, நாலு இடம் போகும். நீங்க வரலையே."

எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் திருவாரூரில் இன்னொரு மாப்பிள்ளையை ஊர்வலம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் வரவில்லை, அப்பா ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். எண் 603. மறுநாள் விடிந்தபின் பால் வேனில் ஏறி நேரே மணவறைக்குப் போய்ச் சேர்ந்தேன். தொழில் என்றால் அப்படித்தான் என்று அன்று சொன்னேன். இன்றும் அதே வார்த்தை வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

அந்த வெள்ளை வளையம் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 8

நான் என்னென்னவோ எழுதி நிரப்பிய இந்த டைரியில் இன்றைக்கு ஒரு நல்ல விஷயம் எழுதுகிறேன்.

நாலு நாளாகத் தையு ஷெட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். பழைய அட்டைப் பெட்டிகளை டயர் அளவுக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பருமன் கூட்டி, மட்கார்டுக்குள் விட்டுவிட்டு எடுத்தாள். எந்தப் பருமன் வரை இடிக்காமல் போகிறது என்று ஸ்கேல் வைத்துக் குறித்தாள். அந்தோணியைக் கூப்பிட்டு வண்டியின் எடையை விசாரித்தாள். எல்லாவற்றையும் லேப் ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். படம் வேறு.

பிறகு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒன்பது கடைக்குப் போன் செய்திருக்கிறாள். ஒன்பதாவது கடை தஞ்சாவூரில். பழைய மாடல் வேன்களுக்கு வரும் 195 டயர், பதினைந்து அங்குலம். உயரம் நம்முடையதோடு ஏறக்குறைய ஒன்று. அகலம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அட்டை போன இடத்தில் போகும். எடை தாங்கும். உள்ளே ட்யூப் போடலாம், நம் பழைய ரிம்முக்கு அது அவசியம். கட்டத்தில் உள்ள தேதி இந்த வருஷத்து ஏப்ரல்.

நான் ஊர் ஊராகப் போய் "ப்ளிமத் டயர் இருக்கா" என்று கேட்டேன். அவள் ஒரு கடையில்கூட ப்ளிமத் என்ற பேச்சையே எடுக்கவில்லை. உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பாரம் இவ்வளவு, என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இதை முதல் நாளே நான் ஏன் யோசிக்கவில்லை? இருபத்தெட்டு வருஷமாக இந்த மூளையோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், சாம்பாரில் உப்பு சரியா என்பதற்கு மேல் அதனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"பிரமாதம் தையு" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் காது சிவந்துவிட்டது. "மாட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 12

மாட்டியாகிவிட்டது. நாலும் கச்சிதம். பின்பக்கம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

ஆனால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வெள்ளை வளையம் இல்லாமல் பார்த்தால் துக்க வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி தெரிகிறது. பெயிண்ட் டப்பா பக்கம் கை போனது. தையு பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

மாக்கோலம்!

பச்சரிசியை ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, கொஞ்சம் வேலம்பிசினைக் கரைத்து விட்டாள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொன்னாள். அந்தோணி கையால் மெல்லச் சுற்ற, அவள் மாவில் நனைத்த துணியை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்தாள். சக்கரம் ஒரு சுற்று வந்து முடிந்தபோது வெள்ளை வளையம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் மெலிதாக ஒரு காவிக் கோடு. காய்ந்ததும் தந்தம் போல ஆகிவிட்டது.

"ஊர்வலம் முடியற வரைக்கும் நிக்கும். அப்புறம் தண்ணி ஊத்தினாப் போயிடும். ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது. மண்டபத்துல போயே போட்டுக்கலாம்."

அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டான். நான் கும்பிடவில்லை, புருஷனாயிற்றே. ஆனால் வண்டியைச் சுற்றி நாலு தடவை நடந்தேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. பின் சீட்டில் பாரம் ஏறினால் வண்டி இறங்கும், அப்போது டயர் மட்கார்டில் உரசுமா என்று பார்க்க வேண்டும். அரிசி மூட்டை ஏற்றிப் பார்க்கலாம் என்றேன்.

"மூட்டைக்குக் காது கேக்குமா? உரசுற சத்தத்தை யாரு சொல்றது?" என்றாள். "அந்தோணி ஓட்டட்டும். நீங்க பின்னாடி உக்காந்து கேளுங்க."

அப்பாவின் சட்டத்தை நினைவுபடுத்தினேன். "டயர் டெஸ்டுக்கு என்னங்க சட்டம்" என்றாள்.

ஆகஸ்ட் 15

லீவு நாள். ஆடிக் கடைசி. தெருவெங்கும் கொடி.

சாயங்காலம் அந்தோணி ஸ்டியரிங்கைப் பிடித்தான். தையு என்னைக் குளிக்கச் சொன்னாள். டயர் டெஸ்டுக்கு எதற்குக் குளியல் என்றேன். பின் சீட் வெல்வெட் அழுக்காகிவிடுமாம். சரி என்று குளித்தேன், வெளுத்த வேட்டி எடுத்து வைத்திருந்தாள், கட்டினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் நான் மந்தம்தான்.

பாரத்துக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஐந்து பேர் ஏறிக்கொண்டார்கள். தலையைச் சாய்த்துப் பின் டயர் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டேன். பள்ளத்தில் இறங்கியது, சத்தம் இல்லை. திருப்பத்தில் சாய்ந்தது, சத்தம் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியது, அப்போதும் இல்லை.

பின் சீட்டிலிருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரி இருக்கிறது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறபோது எனக்குத் தெரிவதெல்லாம் பேண்டுக்காரர் முதுகுதான். இங்கே எல்லோரும் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். பூக்கடைக்காரர் எழுந்து நின்று சிரித்தார். 1386 பேர் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

"மெதுவாப் போறியே அந்தோணி?"

"அண்ணி அப்படித்தான் சொல்லியிருக்காங்க அண்ணே."

எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். வாசலில் தையு நின்றிருந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, தலையில் பூ, கையில் ஆரத்தித் தட்டு. தட்டை மறுபக்கம் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு ராஜாமணி அக்கா. வண்டி நின்றது. அந்தோணி திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், திருட்டுப் பயல்.

"புது டயருக்கு ஆரத்தி" என்றாள் தையு.

டயருக்கு எடுக்கிற ஆரத்தியைச் சக்கரத்துக்கு நேராகச் சுற்ற வேண்டும். இவர்கள் என் முகத்துக்கு நேராக மூன்று தடவை சுற்றினார்கள். பிறகு தையு விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தாள்.

"இறங்கி வாங்க" என்றாள். "ரொம்ப நேரமா நிக்கிறேன்."

குழந்தைகள், அந்தோணி, ராஜாமணி அக்கா எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுதேன். மன்னிச்சுக்கோ என்று இருபத்தெட்டு வருஷமாக வராத வார்த்தை வந்தது. அவள் சக்கரங்களுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள், அந்தோணி ஏற்றினான், நாலும் ஒன்றுபோல நசுங்கின.

டெஸ்ட் முடிவு: உரசல் இல்லை.

ஆகஸ்ட் 16

ரிசார்ட் மேனேஜருக்குப் போன் செய்தேன். வண்டி விற்பனைக்கு இல்லை.

ஆகஸ்ட் 20

மாயவரம். அறுபதில் போனேன், ரோட்டில் கால் வைத்தது போலத் திடமாக இருந்தது. மண்டப வாசலில் தையு சக்கரங்களுக்கு மாக்கோலம் போட்டாள். பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைப் படம் பிடித்தார்கள். ஊர்வலம் ஒன்றே முக்கால் மணி நேரம். வெள்ளை உதிரவில்லை.

மாப்பிள்ளை இறங்கியதும் ராமாமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். நோட்டில் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். எழுதினேன்.

"1388-ன்னு போட்டுட்டீங்களே. அன்னிக்கு 1387-ன்னு சொன்னீங்க?"

"நடுவுல ஒருத்தர் ஏறிட்டாருங்க."

"ஆடி மாசத்துலயா? ஆடியில யாருங்க மாப்பிள்ளை அழைப்பு வச்சது?"

தையு வாளித் தண்ணீரால் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது.

"ரொம்ப லேட்டா வந்த மாப்பிள்ளைங்க" என்றேன்.